ஊனி ப்ரோப் ஆப்: தடையைத் திறக்காது, தடைக்குச் சாட்சி சொல்லும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊனி ப்ரோப் என்கிற இந்த ஆப் தடை செய்யப்பட்ட தளம் எதையும் உங்களுக்குத் திறந்து தராது. விபிஎன் மாதிரி நினைத்து இறக்கினால் அன்றைக்கே அழித்துவிடுவீர்கள். இதன் வேலை வேறு. உங்கள் நெட்வொர்க்கில் எந்தத் தளம் வரவில்லை, எந்த மெசேஜ் ஆப் வேலை செய்யவில்லை, நடுவில் யாராவது கை வைத்ததுதான் காரணமா என்று சோதித்துப் பார்த்து, தேதி, நேரம், நெட்வொர்க் விவரத்தோடு பதிவு செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், மூல நிரல் முழுக்கத் திறந்திருக்கிறது. கொஞ்ச காலமாக என் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சுரிமையைப் பற்றிக் கவலைப்படுகிற ஒவ்வொருவரும் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏன் என்று புரிய, தடை இப்போது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பேச வேண்டும். அச்சுப் பத்திரிகைக் காலத்தில் அரசு ஒரு பத்திரிகையை முடக்கினால் அது ஊருக்கே தெரியும். ஆணை வரும், போலீஸ் வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போவார்கள், அச்சகத்தில் சீல் வைப்பார்கள், மறுநாள் யாராவது நீதிமன்றத்தில் நிற்பார்கள். இணையத்தில் அரசு நெட் நிறுவனங்களுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறது, அவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்கிறார்கள், அவ்வளவுதான். வாசகருக்குத் தெரிவது ‘இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை’ என்கிற ஒரு வரி. சர்வர் படுத்துவிட்டதா, டேட்டா தீர்ந்துவிட்டதா, போனில் கோளாறா, இல்லை யாராவது பூட்டினார்களா, ஒன்றும் தெரியாது. பெரும்பாலானவர்கள் ரெண்டு தடவை ரெஃப்ரெஷ் செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்பார்கள், எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. அரசிடம் கேட்டால் அப்படி ஒரு உத்தரவே இல்லை என்பார்கள், அல்லது இருக்கிறதா இல்லையா என்பதையே சொல்ல மாட்டார்கள். தடை செய்ததையே மறுத்துவிடலாம் என்றால், ஏன் தடை செய்தாய் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை இன்றைய தணிக்கையில் மிக மோசமான பகுதி இதுதான். இந்த ஆப் கை வைப்பதும் அதே இடத்தில்தான்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஆப் ஒரு தள முகவரியை எடுத்து உங்கள் நெட்வொர்க் வழியாகத் திறந்து பார்க்கிறது. தடை இல்லாத வேறொரு இடத்தில் இருக்கும் அவர்களுடைய சர்வரும் அதே முகவரியைத் திறந்து பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதில் வந்தால் சரி. வராவிட்டால் எந்தப் படியில் சிக்கல் என்று தேடுகிறது. தளத்தின் பெயரைக் கொடுத்து ஐபி முகவரி (தளம் இருக்கும் சர்வரின் எண் முகவரி) கேட்கும் முதல் படியிலேயே, அதாவது டிஎன்எஸ் கட்டத்திலேயே, பொய்யான முகவரி வந்ததா, அப்படி ஒரு தளமே இல்லை என்று பதில் வந்ததா? சரியான முகவரி கிடைத்தும் அங்கே இணைப்பு ஏற்படவில்லையா? இணைப்பு ஏற்பட்டு, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) தொடங்குகிற நேரம் பார்த்து அறுந்ததா? கடைசியாகச் சொன்ன வகைதான் என்னை ரொம்பவும் உறுத்துவது. எச்டிடிபிஎஸ் தளத்துக்குள், அதாவது மறையாக்கம் செய்த தளத்துக்குள், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று நடுவில் இருப்பவருக்குத் தெரியாது, ஆனால் இணைப்பின் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பொதுவாக மறைக்கப்படாமலே போகிறது (எஸ்என்ஐ என்பார்கள்), அந்தப் பெயரைப் பார்த்த உடனே இணைப்பை வெட்டிவிட முடியும். தபால்காரரே கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உங்களுக்குத் தபால் ஒன்றும் இல்லை என்று சொல்கிற மாதிரி. பார்ப்பவருக்கு அது சாதாரண நெட் கோளாறாகத்தான் தெரியும், ஆப் மட்டும் எந்த இடத்தில் வெட்டு விழுந்தது என்று எழுதி வைக்கும்.

எந்தத் தளங்களைச் சோதிக்கிறது என்பதும் முக்கியம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமான சிட்டிசன் லேப் தொடங்கிய பட்டியல்களை இது பயன்படுத்துகிறது. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒன்று, பல நாடுகளுக்குத் தனித்தனியாக ஒன்று. செய்தி ஊடகம், அரசியல் விமர்சனம், மனித உரிமை, மதம், பாலின உரிமை, சூதாட்டம், ஆபாசம் என்று வகை பிரித்திருக்கிறார்கள், எந்த வகை வேண்டாமோ அதை அணைத்துவிடலாம். பட்டியலில் ஒரு தளம் விடுபட்டிருந்தால் நீங்களே பரிந்துரைக்கலாம், அல்லது ஆப்பில் முகவரியைத் தட்டி நேரடியாகச் சோதிக்கலாம். தளங்களைத் தவிர வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் ஆகியவற்றின் சர்வர்களை உங்கள் நெட்வொர்க்கிலிருந்து தொட முடிகிறதா, டார், சைஃபன் மாதிரி தடை தாண்டும் கருவிகள் வேலை செய்கின்றனவா என்பதையும் பார்க்கிறது. உங்கள் மெசேஜை இது படிப்பதில்லை, சர்வர் பதில் சொல்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. வேகச் சோதனையும் உண்டு, அது டேட்டாவை நன்றாகச் சாப்பிடும், அளவோடு டேட்டா வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சோதனை முடிந்த சில நிமிடங்களில் முடிவு ஊனி எக்ஸ்ப்ளோரர் என்ற பொதுத் தளத்துக்குப் போய்விடுகிறது. இந்த ஆப்பைச் செய்யும் ஊனி அமைப்பு 2012-ல் டார் திட்டத்துக்குள் பிறந்தது, மொபைல் ஆப் 2017-ல் வந்தது, இதுவரை 200-க்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளிலிருந்து நூறு கோடிக்கு மேல் அளவீடுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. நாட்டைத் தேர்ந்தெடுத்து, தளத்தின் பெயரைத் தட்டி, தேதியைக் கொடுத்தால், எந்த நெட்வொர்க்கில் எந்த நாளிலிருந்து அந்தத் தளம் வராமல் போனது என்று வரைபடமாகவே பார்க்கலாம். ஒரே நாட்டில் ஒரு நிறுவனம் தடுத்து இன்னொரு நிறுவனம் தடுக்காமல் விட்டிருப்பது கூட அப்பட்டமாகத் தெரியும். நான் முதன்முதலில் அந்தத் தளத்தில் உட்கார்ந்தபோது வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. தேர்தல், போராட்டம், ஆட்சிக் கவிழ்ப்பு என்று செய்தியில் படித்த தேதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், பச்சை நிறக் கட்டங்கள் அந்தந்த நாளில் நிறம் மாறுகின்றன.

சரி, பதிவு செய்து என்ன ஆகப்போகிறது, தடை தடையாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேச்சுரிமை எல்லையில்லாதது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 1966-ல் உருவான குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19-வது பிரிவு கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது, ஆனால் அது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பிறர் உரிமை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரி அங்கே பெயர் சொல்லப்பட்ட ஒரு நோக்கத்துக்காக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு அவசியமானதாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒரு நீதிபதி உரசிப் பார்க்க வேண்டுமானால் முதலில் தடை என்ற ஒன்று நடந்தது என்று காட்ட வேண்டுமே. எந்தத் தேதியில், எந்த நெட்வொர்க்கில், எந்த முறையில், கூடவே சம்பந்தமில்லாத எத்தனை தளங்கள் விழுந்தன? இந்தக் கேள்விகளுக்குக் கையில் பதில் இல்லாமல் ‘என் பேச்சுரிமை போச்சு’ என்று மட்டும் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை.

சம்பந்தமில்லாதவை விழுவது சின்ன விஷயம் இல்லை. துருக்கியில் யாரோ ஒருவருடைய ஒரு தளத்தை முடக்குவதற்காக நீதிமன்ற உத்தரவின் பேரில், பலரும் தங்கள் தளங்களை வைத்திருந்த கூகுள் சைட்ஸ் சேவை முழுவதையுமே அடைத்தார்கள், அதில் தன் ஆய்வு சம்பந்தமான பக்கத்தை வைத்திருந்த ஒரு மாணவர் விடாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார், 2012 டிசம்பரில் அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. ரஷ்யாவில் மின்னூல் பதிப்பு பற்றிய தளம் ஒன்று, வேறொரு தளத்தோடு ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொண்ட ஒரே காரணத்துக்காக அடைபட்டுக் கிடந்தது, 2020-ல் அதே நீதிமன்றம் அதுவும் மீறல்தான் என்றது. அதே ரஷ்யாவில் 2018-ல் டெலிகிராமைப் பிடிக்கப் போய் அமேசான், கூகுள் கிளவுட்களின் ஐபி முகவரிகளை லட்சக்கணக்கில் அடைத்தார்கள், எத்தனையோ சேவைகள் தடுமாறின, டெலிகிராம் என்னவோ ஓடிக்கொண்டேதான் இருந்தது, 2020 ஜூனில் தடையை விலக்கிக்கொண்டார்கள். விக்கிபீடியா துருக்கியில் 2017 ஏப்ரல் முதல் 2020 ஜனவரி வரை கிடைக்கவில்லை, அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே தடை கருத்துரிமைக்கு எதிரானது என்று சொன்ன பிறகுதான் திரும்பியது. இதில் எந்த வழக்கையும் ஊனி ஜெயித்துக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அடியில் என்ன மாதிரியான விவரம் தேவைப்படுகிறது என்பதற்குச் சொல்கிறேன்.

ஊனியின் தரவு நேரடியாகப் பேசிய இடங்களும் உண்டு. மலேசியாவில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழலை எழுதிவந்த சரவாக் ரிப்போர்ட் தளம் 2015-ல் அடைக்கப்பட்டது, அதன் கட்டுரையை வெளியிட்ட மீடியம் தளமும் 2016 ஜனவரியில் அடைபட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஊனியும் அங்குள்ள சினார் புராஜெக்ட் அமைப்பும் சேர்ந்து, தடை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று அளவீடுகளோடு அறிக்கை வெளியிட்டார்கள். 2018 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு அந்தத் தளங்கள் திரும்ப வந்தன, அதுவும் தரவில் தெரிகிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில் ஃபேஸ்புக் விழுந்தது, 2022 மார்ச்சில் ரஷ்யாவில் செய்தித் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, அதே ஆண்டு செப்டம்பரில் ஈரானில் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் விழுந்தன. எல்லாவற்றுக்கும் அங்கேயே இருந்த யாரோ ஒருவரின் போன் செய்த அளவீடுகள் இருக்கின்றன. அவர்களில் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

இந்தியாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தளங்களை முடக்க உத்தரவிடுகிறார்கள், அதற்கான 2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவை ரத்து செய்ததை நாம் கொண்டாடினோம், அதே தீர்ப்பு 69ஏ பிரிவைத் தாங்கிப் பிடித்தது என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் பலர் கவனிக்கவில்லை. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து ரிட் மனு போடலாம் என்பதுதான் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பாதுகாப்பு. ஆனால் உத்தரவு கையில் கிடைக்காதவர் எதை எதிர்த்து மனு போடுவது? 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், முடக்க உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது, பாதிக்கப்பட்டவர் எதிர்த்து வழக்காட வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். உத்தரவை வெளியிடாத இடத்தில் அதன் விளைவையாவது மக்களே அளந்து வைக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இப்போது ஆபத்து. இதை யாரும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. ஊனி ப்ரோப் உங்களை மறைக்காது. உங்கள் நெட்டைக் கவனிப்பவருக்கு நீங்கள் இந்த ஆப்பை ஓட்டுகிறீர்கள் என்று தெரியும், உங்கள் போன் தடை செய்யப்பட்ட தளங்களை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதும் தெரியும். வெளியாகும் சோதனை முடிவில் உங்கள் ஐபி முகவரியை அவர்கள் சேர்ப்பதில்லை, நாடு, நெட்வொர்க் எண் (எந்த நிறுவனத்தின் நெட் என்று காட்டும் எண்), நேரம் போன்ற விவரங்கள்தான் போகின்றன, இருந்தாலும் நெட் நிறுவனத்திடம் உங்கள் பெயர் இருக்கிறதே. இந்த விஷயத்தில் ஆப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். முதல் தடவை திறக்கும்போதே ஆபத்தை விளக்கி, என்னைக் கவனிப்பவர் நான் இதை ஓட்டுவதைப் பார்க்க முடியுமா, முடிவுகள் தானாக வெளியாகுமா என்று கேள்வி கேட்டு, நீங்கள் சரியான பதிலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் உள்ளே விடுகிறது. ‘ஏற்கிறேன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டவைக்கிற எத்தனை ஆப்களைப் பார்த்திருக்கிறோம். முடிவுகள் தானாக வெளியாவது பிடிக்கவில்லை என்றால் செட்டிங்கில் அணைத்துவிடலாம். அப்புறம், ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கும் பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் யாராவது இதைப் படித்தால், உங்கள் சொந்த போனில் இதை ஓட்டாதீர்கள், கடுமையான சட்டம் உள்ள நாட்டில் இருந்தால் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். அலுவலக வைஃபையிலும் வேண்டாம்.

குறைகளுக்கு வருகிறேன். ‘தடுக்கப்பட்டிருக்கலாம்’ என்று ஆப் சொன்னால் அது தடை என்று அர்த்தம் இல்லை. பெரிய தளங்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு ஐபி முகவரி, வேறு பக்கம் கொடுப்பது சகஜம், சில தளங்கள் தானாக வரும் சோதனைகளைத் தாங்களே மறுக்கும், சிக்னல் மோசமாக இருந்தாலும் முடிவு கோணலாகும். அதனால்தான் எக்ஸ்ப்ளோரரில் ‘மாறுபாடு’ என்பதையும் ‘உறுதியான தடை’ என்பதையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், தடை அறிவிப்புப் பக்கம் போன்ற தெளிவான அடையாளம் சிக்கினால்தான் இரண்டாவது பெயர் கிடைக்கும். சரியான முறைதான், ஆனால் புதிதாக வருபவருக்கு ஆப்பின் திரை இந்த வித்தியாசத்தைப் போதுமான அளவு உரக்கச் சொல்வதில்லை. ஒரே ஒரு சோதனையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ‘அரசு தடை செய்துவிட்டது’ என்று பரப்பினால், அது பொய்யாக இருக்கும் பட்சத்தில் அடுத்து வரும் உண்மையான புகாரையும் சேர்த்துக் கெடுக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மறுபடி ஓட்டுங்கள், வேறு நெட்வொர்க்கில் இருக்கும் நண்பரை ஓட்டச் சொல்லுங்கள், எக்ஸ்ப்ளோரரில் அதே தளத்தை அதே நெட்வொர்க்கில் மற்றவர்கள் என்ன கண்டார்கள் என்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

நெட்டே முழுக்க அணைக்கப்பட்டால் இந்த ஆப் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எகிப்தில் 2011 ஜனவரி இறுதியில் நாட்டின் இணையத்தையே ஏறக்குறைய மொத்தமாக அணைத்தார்களே, அந்த மாதிரி நேரத்தில் ஒரு நாட்டின் இணைய இணைப்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் ஐயோடா போன்ற சேவைகள்தான் உதவும். தளத்தை அடைக்காமல் பயன்படுத்த முடியாத அளவுக்கு மெதுவாக்கி விடுகிற தந்திரமும் இருக்கிறது, ரஷ்யாவில் ட்விட்டருக்கு 2022 பிப்ரவரி கடைசியில், முழுக்க அடைப்பதற்கு முன், அதைத்தான் செய்தார்கள். ஆப்பின் வழக்கமான தளச் சோதனை இதைப் பிடிப்பதில் பலவீனமானது. அரசு சொல்லி ஒரு பதிவை நீக்கினார்கள், ஒரு கணக்கை ஒரு நாட்டில் மட்டும் மறைத்தார்கள் என்றால் அதுவும் இதன் கண்ணில் படாது, ஏனென்றால் நெட்வொர்க்கில் எதுவும் நடக்கவில்லை, நிறுவனத்துக்குள்தான் நடந்தது. அதற்கு நீக்கக் கோரிக்கைகளைச் சேகரிக்கும் லூமென் தரவுத்தளத்தைப் பார்க்க வேண்டும், நிறுவனங்கள் மனம் வைத்து அனுப்பினால்தான் அங்கேயும் வரும்.

ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, திறந்த மூல ஆப்களுக்கான எஃப்-டிராய்டு கடையிலும் கிடைக்கிறது. ‘ரன்’ பொத்தானைத் தட்டினால் தளச் சோதனை இயல்பாக 90 வினாடியில் நின்றுவிடும், பட்டியல் முழுவதும் ஓட வேண்டுமானால் செட்டிங்கில் நேர வரம்பை எடுத்துவிடுங்கள். தானாக ஓடும் வசதியை இயக்கி, வைஃபையில் இருக்கும்போது மட்டும், சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் பேட்டரி தொல்லை தெரியாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஆபாசம், சூதாட்டம் வகைகளை அணைத்துவிட்டு.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது திரையில் முடிவை விளக்கும் விதத்துக்காக மட்டும். உங்களுக்கு ஆபத்து இல்லாத சூழ்நிலை என்றால், எல்லாம் நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஓட்டத் தொடங்குங்கள். தடை விழுந்த பிறகு ஓடுகிற சோதனை தளம் வரவில்லை என்று மட்டும் சொல்லும், நேற்று வரை வந்தது என்று காட்ட நேற்றைய அளவீடு வேண்டும். உங்கள் பகுதியில் சின்ன நெட் நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தால் இன்னும் நல்லது, பெரிய நிறுவனங்களுக்குத் தரவு மலையாகக் குவிந்து கிடக்கிறது, சின்ன நெட்வொர்க்குகளுக்குத்தான் ஆள் இல்லை.